மணலில் சாய்ந்த படகு

அபிராமபுரம்,
12.3.2024

அன்புள்ள ஷஃபியுல்லா பாய்க்கு,

ஜெயராம் எழுதுவது. மஸ்கட்டில் நீங்களும் வஜீஹாவும் குழந்தைகளும் சுகம்தானே? உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? பேச ஆரம்பித்தால் எனக்குச் சாதகமாகத்தான் பேசுவேன் என்ற பயத்தில் இதைக் கையால் எழுதி, படம் எடுத்து உங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிறேன்.

தேசிங்கு ஞாயிற்றுக்கிழமை இறந்துவிட்டார். படகில் தீப்பிடித்து, பதினொரு நாள் தீக்காய வார்டில் கிடந்தார். நாம் பெட்ரோல் டாங்கி செய்து கொடுத்த ஆறு படகுகளில் அவருடையதுதான் முதல் படகு.

நீங்கள் போட்ட வெல்டிங்கில் ஒரு கீறல்கூட இல்லை. கருகிய டாங்கியை நான் தண்ணீர் ஊற்றிச் சோதித்தேன். நீங்கள் நிம்மதியாக இருங்கள். தவறு என் வரைபடத்தில் இருக்கிறது.

டாங்கியின் காற்றுக் குழாய் வழியாகப் பெட்ரோல் வழிந்து அடையாறு முகத்துவாரத்தில் படலமாக மிதந்தது, மடவை மீனில் வாடை அடிக்கிறதென்று யாரும் வாங்கவில்லை என்று படகுக்காரர்கள் வந்து சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். டாங்கியைச் செய்து கொடுத்துவிட்டு நீங்கள் மஸ்கட் போன பிறகு அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். குழாயின் முனையைப் படகுக்கு வெளியே விடாமல், முன்பக்க அறைக்குள் ஒரு லிட்டர் பாட்டிலில் இறக்கினேன். வழிவது பாட்டிலில் சேரும், எடுத்து மறுபடி ஊற்றிக்கொள்ளலாம். "ஒரு சொட்டு வெளிய வரல சார், சூப்பரா கீது" என்று தேசிங்கு சொன்னபோது எனக்கு எவ்வளவு கர்வம்!

படகு தண்ணீரில் நேராக மிதப்பதாக வைத்து நான் வரைந்தேன். அவர்களோ கரையில், படகு மணலில் சாய்ந்து கிடக்கும்போது நிரப்புகிறார்கள். நாற்பது வருடம் பாடம் நடத்தியவன் ஒரு நாள் காலையில் போய் அதை நின்று பார்க்கவில்லை. விபத்து நடந்த நான்காம் நாள் கோணம் அளந்தேன். பதினொரு டிகிரி. அந்தச் சாய்வில் குழாயின் வாய் பெட்ரோலுக்குள் மூழ்கிவிடுகிறது. வெயில் ஏறினால் பெட்ரோல் விரிந்து குழாய் வழியே பாட்டிலுக்கு வரும். பாட்டில் நிறைந்தால் அறைக்குள்ளேயே வழியும். ஆவி வெளியேற வழியில்லை. அதே அறையில்தான் ஜிபிஎஸ் பாட்டரி. அவர் சுவிட்சைப் போட்டிருக்கிறார், ஒரு பொறி போதும்.

அன்று மாலையே மற்ற ஐந்து படகுகளிலும் பாட்டிலைக் கழற்றச் சொல்லி, குழாயை வெளியே உயரத்தில் திருப்பிவிட்டேன். காரணம் சொல்லவில்லை. புது மாதிரி என்றேன். கபாலி என்பவர் சிரித்தார். "இன்னா பெரியவரே, ஒரு தபா மாட்டுறீங்க, ஒரு தபா கழட்டுறீங்க. ரிட்டயர் ஆயிட்டா பொழுது போவலியா?" நானும் கூடச் சிரித்தேன்.

அதற்கு மறுநாள் வார்டுக்குப் போனேன். தேசிங்கு பீடி பிடிப்பார் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் பீடியால்தான் தீப்பிடித்தது என்று முடிவாகியிருந்தது. அவர் மனைவி சரண்யாவும் அதையே நம்பினாள். தேசிங்கு என்னிடம், "நான் பத்த வெக்கல சார். அவ நம்ப மாட்டேங்கிறா. நீங்க படிச்சவரு, நீங்க சொன்னா கேப்பா" என்றார்.

பாய், எனக்கு அப்போது தெரியும். ஓய்வெடுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து பஸ் ஏறிவிட்டேன்.

நேற்று துக்கம் விசாரிக்கப் போனபோது சரண்யா வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். "பீடிய வுடு, பக்கத்துல பெட்ரோல் கீதுன்னு எத்தினி தபா சொன்னேன். கேட்டாதானே? தன்னத்தானே கொளுத்திக்கினு பூட்டான் பாவி." அழக்கூட முடியாத கோபம். நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு விசாரணை அதிகாரி வரச் சொல்லியிருக்கிறார். டாங்கியில் குறை இல்லை என்று ஒரு கையெழுத்துப் போட்டால் போதுமாம், ஐந்து நிமிட வேலை என்றார். பார்க்கப்போனால் அது பொய்கூட இல்லை. டாங்கியில் குறை இல்லைதான்.

வரைபடத்தையும் கோண அளவையும் நகல் எடுத்து உறையில் வைத்திருக்கிறேன். கொடுத்துவிட்டு, அங்கிருந்து நேராகச் சரண்யாவிடம் போக வேண்டும் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் எழுத முடிகிறது.

இதைப் படித்ததும் நீங்கள் என்னைக் கூப்பிடுவீர்கள். "விடுங்க சார், நல்லதுக்குத்தானே செஞ்சீங்க" என்பீர்கள். உங்கள் மனது அப்படி. அந்த ஒரு வார்த்தை கிடைத்தால் நான் அதைப் பிடித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுவேன். ஆகவே வியாழக்கிழமை முடியும் வரை தயவுசெய்து என்னைக் கூப்பிடாதீர்கள். நானே கூப்பிட்டாலும் எடுக்காதீர்கள்.

தேசிங்குக்காக ஒரு துஆ செய்யுங்கள். எனக்காக இப்போது வேண்டாம்.

இப்படிக்கு,
ஜெயராம்