டிஸ்க் நூறு சதவீதம்

ஜூலை 14, திங்கள்

விடிந்ததிலிருந்து சாரல். துவைத்த துணி எதுவும் காயவில்லை.

வேலைக்கான தேர்வு சொதப்பல். சென்னைக் கம்பெனி வேலை. பதிவு செய்த பேச்சைக் காதில் கேட்டு அப்படியே தமிழில் தட்ட வேண்டும், வீட்டிலிருந்தே. நாமக்கல் டி.டி.பி. கடையில் ஆறு வருஷம் ஓடிய விரல்கள், கல்யாணமாகி மலையேறிய பிறகு நாலு வருஷமாகச் சும்மா. எனக்கென்றே வந்த வேலை என்று நினைத்தேன்.

லேப்டாப் கவிழ்த்துவிட்டது. ஒரு எழுத்தைத் தட்டினால் பத்து நொடி கழித்துத்தான் திரையில் வருகிறது. மூன்றாவது நிமிடம் எல்லாம் அசையாமல் நின்றுவிட்டது. கம்பெனி மேடம் போனில், "நெட் பிரச்சினையாம்மா?" நெட் நன்றாக இருக்கிறது, மெஷின்தான் என்றேன். "வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு இன்னொரு தடவை எழுதுங்க. வேலை செய்யப்போற மெஷின்லயேதான் எழுதணும். அதுதான் கடைசி."

நடுவில் மூன்றே நாள்.

மாமனார் எட்டிப் பார்த்து, "அதென்ன சாமி, கெழட்டு மாடு எந்திரிக்கிற மாதிரி இம்புட்டு நேரம் எடுக்குது?"

சரியாகத்தான் சொன்னார்.

ஜூலை 15, செவ்வாய்

சாரல் விட்டது. மூடுபனி.

மெஷினில் எது எத்தனை சதவீதம் உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். சி.பி.யு. 7. மெமரி 50. டிஸ்க் 100! நான் எதையுமே திறக்கவில்லை, ஆனாலும் 100. கண்ணை எடுக்காமல் பத்து நிமிடம் பார்த்தேன். இறங்கவே இல்லை.

சேந்தமங்கலம் சர்வீஸ் கடைக்குப் போன். "மதர்போர்டு போயிருச்சுங்க. கொண்டாந்து குடுங்க, ஒரு வாரம் ஆகும். இல்லாட்டிப் புதுசா எடுத்துருங்க."

பார்க்காமலே எப்படிச் சொல்கிறார்? போர்டு போயிருந்தால் டிஸ்க் மட்டும் ஏன் தவிக்க வேண்டும்? கோபம் வந்தது. கோபம் நல்லது. உட்கார்ந்துவிட்டேன்.

செய்தவை:
- ஆன்டிவைரஸ் ஒன்றல்ல, இரண்டு! நாள் முழுக்க ஒன்றையொன்று மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தன. ஒன்றைத் தூக்கியாச்சு.
- மெஷினோடு சேர்ந்து தானாக எழும் புரோகிராம்கள் பதினொன்று. ஒன்பதை நிறுத்தினேன்.
- சி டிரைவில் மூச்சு விட இடமில்லை. எங்கள் கல்யாண வீடியோ மூன்று பிரதி. எதற்கு? இரண்டு காலி. பழைய குப்பை ஃபைல்களும்.
- தேடலுக்காக எல்லா ஃபைலையும் ஓயாமல் படித்துக்கொண்டிருந்த ஒரு சர்வீஸ். நிறுத்தம்.

ரீஸ்டார்ட். மணி 4.10. டிஸ்க் 18!!

கத்திவிட்டேன் போலிருக்கிறது. மாமனார் தடியோடு ஓடிவந்தார்.

"பாம்பா சாமி?"

"இல்லீங்க மாமா, பதினெட்டுங்க! நூறு இருந்தது பதினெட்டுங்க!"

"பதினெட்டு மார்க்குக்கா இந்தக் கூத்து?" என்று போய்விட்டார்.

ஜூலை 16, புதன்

காலையில் மறுபடி 100.

மரவள்ளிக்கிழங்கு அடிபிடித்தது. தலைவலி. ஒரு மணி நேரம் அதன் பக்கமே போகவில்லை.

பிறகு மெஷினில் காதை வைத்துக் கேட்டேன். டிக். கர்ர். டிக். டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் சின்ன புரோகிராம் ஒன்றை இறக்கிப் பார்த்தால், மஞ்சளில் 'எச்சரிக்கை'. புரிந்துவிட்டது! குப்பை பாதிக் காரணம்தான். உள்ளே சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கே சாகக் கிடக்கிறது. நேற்றுச் சுமையைக் குறைத்ததும் கொஞ்ச நேரம் தெம்பாக இருந்தது, அவ்வளவுதான். எஸ்.எஸ்.டி. வேண்டும். அதில் சுழல எதுவும் கிடையாது, வேகம்.

அதே கடைக்குப் போன். "இருக்குதுங்க. ஆனா நீங்களே மாட்டறீங்களா? பிரிச்சுப்போட்டு மூட்டையா கட்டிக் கொண்டாரப் போறீங்க."

"ஏனுங்க, நீங்க பாக்காமயே போர்டுன்னு சொன்னீங்க. நான் பாத்துட்டுச் சொல்றேன். எடுத்து வையுங்க. விண்டோஸ் போட ஒரு பென்டிரைவும் சேத்து."

"செரிங்க, எடுத்து வெக்கறேனுங்க" என்று குரல் இறங்கியது. இனித்தது.

என் ஃபைல்களை வேறு பென்டிரைவுக்கு நகலெடுக்க நாலரை மணி நேரம். நடுவில் செத்துவிடாதே, செத்துவிடாதே என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்காரர் மிளகு லோடு இறக்கிவிட்டு, சாயங்காலம் எல்லாவற்றையும் வாங்கி வந்தார். பெட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "பிரிச்சு, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா?"

"இப்பவும் இல்லாத மாதிரிதானுங்க இருக்குது."

பெட்டியை என் கையில் கொடுத்தார். "செரி புள்ள. பிரி."

ஜூலை 17, வியாழன்

வெயில்! நல்ல வெளிச்சம். வாசலில் பாய் விரித்து, லேப்டாப்பைக் குப்புறப் போட்டேன். செய்முறை வீடியோவை மூன்று முறை பார்த்தாகிவிட்டது.

பத்துத் திருகாணி. ஒன்பது சுலபம். பத்தாவது தலை தேய்ந்து, திருப்புளி வழுக்கியது. வீடியோவில் சொன்னபடி நடுவே ரப்பர் வைக்கலாம் என்றேன். மாமனார் போய்ப் பழைய சைக்கிள் டியூபில் துண்டு வெட்டிக்கொண்டு வந்தார். வைத்து அழுத்தித் திருகினேன். வந்துவிட்டது!

பழையதை உருவிப் புதியதை வைத்தேன். சோப்புக் கட்டி கனம்கூட இல்லை. மூடி, பவர் பட்டன்.

கறுப்புத் திரை. டிஸ்க் இல்லை என்கிறது.

பழையதும் வெளியே, புதியதும் இல்லை, நாளைக்குத் தேர்வு. கடைக்காரர் சொன்ன மூட்டை கண்முன் வந்தது. மறுபடி பத்துத் திருகாணியையும் கழற்றினேன். பார்த்தால், ஒரு நூல் அளவு இடைவெளி. உடைந்துவிடுமோ என்ற பயத்தில் முழுசாகத் தள்ளவில்லை. பெருவிரலால் அழுத்தினேன். டக்.

வந்துவிட்டது வந்துவிட்டது வந்துவிட்டது.

விண்டோஸ் ஏற்றியாச்சு. தமிழ் விசைப்பலகையும். போனில் நேரம் வைத்துப் பார்த்தேன்: அணைத்துத் திறக்க 14 நொடி. நம்பாமல் இன்னும் இரண்டு முறை. 14, 13. மாமனார், "இப்பக் கன்னுக்குட்டியாட்டம் துள்ளுதே கண்ணு!"

ஜூலை 18, வெள்ளி

மேகம். காற்று. இட்லி இறங்கவில்லை, அரை டம்ளர் டீ மட்டும்.

11 மணி. ஆட்டுக்கு வந்த நோய் பற்றி ஒரு விவசாயி பேசுகிறார், பேச்சு சரசரவென்று ஓடுகிறது. பின்னால் சேவல் சத்தம் வேறு. நான் தட்டத் தட்ட எழுத்து கூடவே வந்தது. ஒரு கட்டத்தில் மெஷின் என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது. அவர் குரலும் என் விரலும் மட்டும். முப்பது நிமிட வேலை, இருபத்தொன்றில் முடிந்தது. மீதி நேரத்தில் இரண்டு தடவை சரிபார்த்தேன். 'கோமாரி'யில் துணைக்கால் விட்டிருந்தது, போட்டேன்.

2.35க்கு மேடம் போன். "திங்கக்கிழமை சேர்ந்துக்கறீங்களா?"

"சேர்ந்துக்கறேனுங்க" என்றேன். அவர் ஏதோ சொல்லத் தொடங்குவதற்குள் மறுபடியும், "சேர்ந்துக்கறேனுங்க."

சிரித்தார். "உங்க மலையில இதே மாதிரி இன்னும் ஒருத்தர் கிடைப்பாங்களா?"

வீட்டுக்காரருக்குச் சொன்னேன். கொண்டை ஊசி வளைவில் இருந்தார், வண்டியை ஓரங்கட்டிவிட்டு, "இன்னொருக்காச் சொல்லு" என்றார். சொன்னேன். மூன்றாவது தடவையும் கேட்டார்.

மலையில் அடுத்த ஊர்க்கூட்டமான தேவனூர் நாட்டில் கனகா இருக்கிறாள். பி.ஏ. தமிழ், நன்றாகத் தட்டுவாள், கல்யாணத்துக்குப் பிறகு ஆடு மேய்க்கிறாள். போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "எனக்கு வருமாக்கா?" "காலையில மொதப் பஸ்ஸுக்கு வா. எம்மெஷின்லயே தட்டிப் பழகு."

ஜூலை 19, சனி

மழை. கனகா வந்தாயிற்று. தலையில் முக்காடு, காலில் சேறு. செருப்பைக்கூடக் கழற்றாமல், "எங்கக்கா மெஷினு?" என்கிறாள்.