இரண்டு விநாடிக்கு ஒரு வாக்கு

தோஹா தொழில்பேட்டை
19 நவம்பர் 2025, புதன்

அக்கா,

நானூற்றுப் பன்னிரண்டு மனிதர்களை இயந்திரம் என்று எழுதி, அடியில் நீ கையெழுத்துப் போட்டிருக்கிறாய்.

அன்புள்ள என்று ஆரம்பிக்க வரவில்லை. வாட்ஸ்அப்பில் உன்னை பிளாக் செய்துவிட்டேன். பேசினால் நீ அழுவாய், நானும் சரி விடு என்று சொல்லிவிடுவேன். அதனால் மெயில்.

இன்று காலை மெஸ் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கூடவே நாலு பக்க ஆங்கில அறிக்கை. டிப்ளமா படித்தவன் நான்தானே, "சுரேசு, வாசிச்சுச் சொல்லுப்பா" என்று முன்னால் தள்ளிவிட்டார்கள். வாசித்தேன். போன வெள்ளிக்கிழமை, நாட்டுக்கு ஒருவர் பாடும் ஏழுகடல் பாட்டுப் போட்டியின் இறுதிச்சுற்றில், தொழில்பேட்டையில் ஒரே டவரிலிருந்து, பதினான்கு நிமிடத்தில், இலங்கைப் பாடகி கஜந்தினிக்கு 412 வாக்குகள். ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டு விநாடி. ஓர் இடத்தில் மட்டும் ஏழு விநாடி, அது கருவிப் பிழையாம். "மனித நடத்தை அல்ல. தானியங்கி. நீக்கப் பரிந்துரை." அதன் கீழே: நேயர் தரவு ஆய்வாளர், பானுமதி ராமச்சந்திரன், துபாய்.

"கீழ என்னமோ பேரு இருக்கே?" என்றார் எங்கள் வருகைக் கணக்கு எழுதும் டைம் கீப்பர் பொன்னுச்சாமி அண்ணன்.

"பானுமதின்னு போட்டிருக்குண்ணே."

"தமிழ்ப் புள்ளையா? அதுக்கு நம்ம மேல என்னப்பா கோவம்?"

பின்னாலிருந்து ஒருவன், "ஏசிக்குள்ள உக்காந்திருக்கவளுக்கு நாம மெசினாத்தாண்ணே தெரிவோம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அரையிறுதி அன்று எல்லோரும் ஒரே நேரத்தில் அனுப்பி, மெஸ்ஸில் நெட்வொர்க் நின்று, பாதிப் பேர் வாக்கு போகவே இல்லை. அதனால் இறுதிச்சுற்றுக்கு பஸ் ஏறும் முறையில் வைத்தோம். அண்ணன் பெஞ்சு மேல் நின்று ஐடி நம்பரைக் கூப்பிடுவார். கூப்பிட்டதும் அமுக்கு. அடுத்தவன். இதை 12ஆம் தேதியே உனக்கு வாய்ஸ் மெசேஜில் சொன்னேன். நீ சிரிக்கிற பொம்மை ஒன்று அனுப்பினாய். ஆக, உனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதியிருக்கிறாய்.

உங்கள் அறிக்கை போட்டிக்காரர்களிடம் போய், அங்கிருந்து போன் கம்பெனிக்குப் போய், அங்கிருந்து எங்கள் கம்பெனிக்கு வந்திருக்கிறது. நம்பரைக் கூப்பிட்ட பொன்னுச்சாமி அண்ணன் வெளியாட்களோடு சேர்ந்து வாக்கு மோசடி செய்தாராம். விசா ரத்து. 27ஆம் தேதி வியாழக்கிழமை விமானம்.

உன் ஆபீசுக்கு ஒரு வரி எழுது. அவர்கள் ஆட்கள் என்று.

சுரேஷ்குமார்

*

சத்வா, துபாய்
20 நவம்பர் 2025

அன்புத் தம்பி சுரேஷுக்கு,

அக்கா எழுதுவது. நீ சாப்பிட்டாயா என்று கேட்கக்கூடப் பயமாக இருக்கிறது, அதற்கும் கோபப்படுவாய். தன்யா இரண்டு நாளாக, "வொய் இஸ் மாமா நாட் காலிங்?" என்று கேட்கிறாள். மாமாவுக்கு டூட்டி என்று சொல்லியிருக்கிறேன்.

நான் யார் பெயரையும் எழுதவில்லை. எனக்கு வருவது எண்கள்தான். எந்த டவர், எத்தனை மணி, எந்தப் பாட்டு. அது உங்கள் மெஸ் கதவு வரை வரும் என்று சத்தியமாகத் தெரியாது. என் திரையில் ஆறு நிறம் உண்டு. ஒரே இடைவெளியில் நூறு வாக்குக்கு மேல் வந்தால் சிவப்பு. சிவப்பு வந்தால் நீக்கு என்று எழுத வேண்டும். அதுதான் விதி, நான் வைத்த விதி இல்லை.

ஒன்று சொன்னால் கோபப்படாதே. அந்தப் பெண் எப்படியும் ஜெயித்திருக்க மாட்டாள். கடந்த ஆறு வருஷத்தில் ஜெயித்த ஆறு பாட்டுகளையும் அட்டவணை போட்டு வைத்திருக்கிறேன். ஐந்து பாட்டு நிகழ்ச்சியின் பின்பாதியில் பாடியவை. நாலு பாட்டில் முதல் நாற்பது விநாடிக்கு வாத்தியமே கிடையாது, குரல் மட்டும்தான். ஜனங்கள் முதல் அரைமணி நேரம் டிவியைப் போட்டுவிட்டுச் சமையல்கட்டில் நிற்கிறார்கள், சுரேஷ். கஜந்தினி இரண்டாவதாகப் பாடினாள். இரண்டாவதாகப் பாடி யாரும் ஜெயித்ததில்லை.

உன் மச்சானுக்கு மார்ச்சிலிருந்து வேலை இல்லை. அவரும் தன்யாவும் என் விசாவில்தான் இருக்கிறார்கள். கையெழுத்துப் போட்ட அறிக்கையைத் தப்பு என்று நானே எழுதினால், அடுத்த அறிக்கையை என்னிடம் யார் கொடுப்பார்கள்? நீயே சொல்.

பொன்னுச்சாமி அண்ணனை நினைத்தால் எனக்கும் தூக்கமில்லை. கோபத்தில் ஒன்றும் செய்துவிடாதே. பிளாக்கை எடு.

உன் அக்கா,
பானு

*

தோஹா தொழில்பேட்டை
21 நவம்பர் 2025, வெள்ளி

அக்கா,

ஜெயித்திருக்க மாட்டாள் என்கிறாய். பேப்பரில் மதிப்பெண் பட்டியல் வந்தது, நான் பார்த்தேன். ஆறு மதிப்பெண் வித்தியாசத்தில் தோற்றாள். கத்தாரில் மொத்தமே மூவாயிரத்துச் சொச்சம் வாக்குகள், அதை இருபது பாட்டுகள் பங்கு போட்டுக்கொண்டன. எங்கள் 412 இருந்தால் கத்தார் வாக்கில் அவளே முதல், முதலிடத்துக்கான பத்து மதிப்பெண் அவளுக்கு. இரண்டாவதாகப் பாடி ஜெயித்த முதல் ஆள் அவளாக இருந்திருப்பாள். உன் அட்டவணை தப்பாகாமல் நீயே பார்த்துக்கொண்டாய்.

உன் அறிக்கையின் மூன்றாம் பக்கத்தையும் வாசித்தேன். பக்கத்துப் பக்கத்து நாடுகள் ஆறு வருஷமாக ஒன்றுக்கொன்று பத்துப் பத்து மதிப்பெண்ணாகப் போட்டுக்கொள்கின்றன. அதற்கு நீ வைத்த பெயர் பண்பாட்டு நெருக்கம். குவைத்தில் பதினேழு வருஷம் வீட்டுவேலை பார்த்த ஒருத்தியின் மகள் கஜந்தினி, அந்த மேடையில் முதன்முதலாகத் தமிழில் பாடினாள். வெளியிலிருந்து பூட்டிய சமையலறையின் ஜன்னலைப் பற்றிப் பாடினாள். நாங்கள் வாக்குப் போட்டோம். அதற்குப் பெயர் தானியங்கி.

அந்த இரண்டு விநாடியை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது யார் தெரியுமா? கம்பெனிதான். பஸ் ஏற ஆளுக்கு இரண்டு விநாடி. கார்டைக் காட்டு, ஏறு, அடுத்தவன். மூன்றாவது விநாடி ஆனால் ஃபோர்மேன் "யல்லா, ஜல்தி" என்று கத்துவான். எட்டு வருஷமாகக் காலையும் மாலையும் அப்படித்தான் ஏறி இறங்குகிறோம். வெளியிலிருந்து பார்க்க வருகிறவர்களிடம் என்ன ஒழுக்கமான ஆட்கள் என்று எங்களைக் காட்டுவார்கள். அதே ஒழுக்கத்தில் ஒரு பாட்டுக்கு வாக்குப் போட்டால் மட்டும் நாங்கள் மனிதர் இல்லை.

இன்று லீவு. பொன்னுச்சாமி அண்ணன் என் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். "ஊருக்கு அனுப்பட்டும்ப்பா, கலாஸ், முடிஞ்சு போச்சு. ஆனா களவாணிப் பயன்னு எழுதி அனுப்பக்கூடாதுல்ல?" என்றார். பிறகு, "அந்தப் பானுமதிப் புள்ளைக்கு இங்கிலீசுல ஒரு லெட்டர் எழுதிக் குடு. நம்ம ஆளுதானே, எடுத்துச் சொன்னா கேக்கும்" என்றார்.

பேனாவை எடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். "அம்மா, நான் நம்பரைக் கூப்பிட்டேன், அவங்க அமுக்குனாங்க. வேற ஒண்ணும் இல்ல. ஒருநாள் இங்க வந்து பாருங்க, நாங்க நின்னு காட்டுறோம்." அவ்வளவுதான் கடிதம்.

"அட்ரஸ் கண்டுபிடிக்க முடியுமா?" என்று கேட்டார். முயற்சி பண்றேண்ணே என்றேன்.

சுரேஷ்

*

சத்வா
23 நவம்பர் 2025

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் சொல்லி நீ எழுதிய அந்த மூன்று வரியை வாசித்தபோது நான் ஆபீஸ் பாத்ரூமில் இருந்தேன். அரைமணி நேரம் வெளியே வரவில்லை.

உன்னிடம் பாதிதான் சொன்னேன். மீதியையும் சொல்கிறேன். 412 என்ற எண்ணைப் பார்த்ததுமே உன் குரல்தான் காதில் கேட்டது. சிவப்பு வந்தாலும், காரணம் தெரிந்தால் ஓரத்தில் குறிப்பு எழுதலாம். அதற்கு இடம் உண்டு. எங்கள் மேலாளர் நஜீஹா பக்கத்தில் வந்து, "தொழில்பேட்டையில் உனக்கு யாரையாவது தெரியுமா?" என்றுகூடக் கேட்டாள். நல்ல பெண். தெரியும் என்றால் எழுது என்றுதான் சொல்லியிருப்பாள்.

தெரியாது என்றேன்.

சேர்ந்த புதிதில், எல்லோரும் குடும்பத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, என் தம்பி தோஹாவில் புராஜெக்ட் இன்ஜினியர் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று கேட்காதே. ஐந்து வருஷமாக அதையே சொல்கிறேன். போன ரம்ஜானில் நஜீஹா உனக்கென்று ஒரு பெட்டி பேரீச்சம்பழம் கொடுத்தாள், இன்ஜினியர் தம்பிக்கு என்று. அதை நாங்களே சாப்பிட்டோம். இப்போது போய், அது தொழிலாளர் கேம்ப், அங்கே என் தம்பி வரிசையில் நின்று வாக்குப் போட்டான் என்று எப்படிச் சொல்வேன்?

வேலை போகும் என்று எழுதினேனே, அது பொய் இல்லை. ஆனால் முதலில் தோன்றிய காரணம் அது இல்லை.

அண்ணனுக்கு இங்கே தேராவில் ஏதாவது கடையில் வேலை கிடைக்குமா என்று விசாரிக்கிறேன். இதை இத்தோடு விட்டுவிடு சுரேஷ். அக்காவை இதற்கு மேல் சோதிக்காதே.

பானு

*

தோஹா தொழில்பேட்டை
24 நவம்பர் 2025, திங்கள்

அக்கா,

இன்ஜினியர். நல்லது. தளவாடக் கிடங்கில் வெல்டிங் வைக்கிறவனுக்கு ஐந்து வருஷமாகப் பதவி உயர்வு, எனக்குத்தான் தெரியவில்லை.

உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. நோட்டீஸ் வாசித்த அன்று, "யாருடா அந்தப் பானுமதி?" என்று நாலு பேர் கேட்டார்கள். எவளோ என்றேன். ஐடி வரிசையில் கூப்பிடலாம் என்ற யோசனையும் என்னுடையதுதான். அதைச் சொல்லாமல் ஆறு நாள் அண்ணனோடு ஒரே தட்டில் சாப்பிட்டேன். நீ ஒரு விதம், நான் ஒரு விதம்.

ஆனால் நான் இன்று சொல்லிவிட்டேன். காலையில் கேம்ப் ஆபீசுக்குப் போய், யோசனை என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். மத்தியானம் மெஸ்ஸில் அண்ணன் நின்ற அதே பெஞ்சு மேல் ஏறி, பானுமதி என் கூடப்பிறந்தவள் என்றேன்.

யாரும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. ஏசி என்று கிண்டல் செய்தவன் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனான். அண்ணன் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப அட்ரசு ஒனக்குத் தெரியும்" என்றார். அவ்வளவுதான். இப்போதுவரை என்னோடு பேசவில்லை.

ஆபீசில் சொன்னது இது: அறிக்கை எழுதியவரே திருத்தி எழுதினால் நடவடிக்கை ரத்து. இல்லாவிட்டால் வியாழக்கிழமை ஒரு டிக்கெட் இல்லை, இரண்டு. இரண்டாவது எனக்கு.

தேராவில் கடை எல்லாம் பார்க்காதே. குறிப்பு எழுத இடம் உண்டு என்றாயே, அங்கே எழுது.

சுரேஷ்

*

தோஹா தொழில்பேட்டை
26 நவம்பர் 2025, புதன்

அக்கா,

இரண்டு நாளாகப் பதில் இல்லை. பிளாக்கையும் எடுத்துவிட்டேன். நீ ஆன்லைனில் இருப்பது தெரிகிறது.

பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். நாளை மத்தியானம் இரண்டு மணிக்கு வண்டி வரும். பெட்டி கட்டியாகிவிட்டது. அண்ணன் இன்றுதான் என்னோடு பேசினார். "ஒங்க அக்கா எழுதும்ப்பா. பொம்பளப் புள்ள, யோசிக்கும்ல" என்றார்.

ஒரு விஷயம் மட்டும் உனக்குத் தெரியாது. எங்கள் வாக்குகள் இருக்கும் அட்டவணையைத் திற. 237ஆவது வாக்குக்கும் 238ஆவது வாக்குக்கும் நடுவில் ஏழு விநாடி இருக்கும். நீ கருவிப் பிழை என்று எழுதிய இடம். 238 நான். என் போன் ஹேங் ஆகிவிட்டது. மறுபடி மறுபடி அமுக்கினேன். அண்ணன் பெஞ்சு மேலிருந்து, "யல்லா சுரேசு, ஒனக்காக கஜந்தினி இன்னொரு வாட்டி பாடுமா?" என்றார். மெஸ்ஸே சிரித்தது. சிரித்து முடிக்க ஐந்து விநாடி. பிறகு என் வாக்கு போனது. பிறகு மறுபடி இரண்டு, இரண்டு, இரண்டு.

இதை நஜீஹாவிடம் காட்டலாம். பதினான்கு நிமிடத்தில் நாங்கள் வரிசை தவறியது அந்த ஒரு இடத்தில்தான்.

நாளை இரண்டு மணி வரை நேரம் இருக்கிறது. பிழை என்ற சொல்லை அடித்துவிட்டு, அந்த ஏழு விநாடி யார் என்று எழுது, அக்கா.

உன் தம்பி,
சுரேஷ்குமார்