கடலில் விழாத விமானி

இஞ்சாருங்கோ, நேற்று வெள்ளவத்தையில் அந்தப் படத்தைத் திரும்பவும் காட்டினார்கள். தன் கொட்டிலுக்குள் தானே விமானம் செய்து பறந்த வெள்ளைக்காரனின் வாழ்க்கைப் படந்தான். இப்போது ஒலிபெருக்கியிலேயே தமிழ் விளக்கம் வருகிறது. கடைசியில், "கடலில் வீழ்ந்து மாண்டார்" என்று ஒரு குரல் சொன்னதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழும்பி வந்துவிட்டேன். வீட்டிலும் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. அதுதான் உங்களுக்கு எழுதுகிறேன்.

கொட்டாஞ்சேனை மண்டபத்தில் முதன்முதல் அதைக் காட்டியது உலக யுத்த காலத்தில். படம் முழுக்க இங்கிலீசு. திரைக்குப் பக்கத்தில் நின்று தமிழில் சொல்ல உங்களைத்தான் பிடித்தார்கள். பிடிக்காமல் என்ன? புதுக்கடை நீதிமன்றத்தில் சாட்சிகளின் பேச்சை மொழிபெயர்க்கிறவர், ஒரு சொல் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார் என்று பெயரெடுத்தவர். முன்வரிசையில் நானும் அம்மாவும். தம்பி விமானப் படையில் சேர்ந்து சீமைக்குப் போய் நாலு மாதம் ஆகியிருந்தது.

திரையில் விமானம் முகிலுக்குள் மறைந்தது. கடலில் விழுந்து செத்தான் என்று இங்கிலீசுக் குரல் சொன்னது. நீங்கள் அம்மாவை ஒரு தரம் பார்த்தீர்கள். "அக்கரையில் பத்திரமாய் இறங்கினார்" என்றீர்கள். சனம் கைதட்டியது. அம்மா என் தொடையில் தட்டி, "பாத்தியே, ஒண்டும் நடக்காது" என்றா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டில் நான் பிடித்த சண்டை கொஞ்சமா?

"ஊருக்கெல்லாம் உண்மை, என்ர தாய்க்கு மட்டும் பொய்யோ?"

"மனிசி நிம்மதியா நித்திரை கொள்ளட்டுமே எண்டு சொன்னனான்."

"அவ என்ன குழந்தைப்பிள்ளையே? இனி அவவுக்கு ஒரு சொல்லும் மாத்தக்கூடாது. என்ர தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்கோ."

பண்ணினீர்கள். பிறகு போய்க் கால் கழுவினீர்கள்.

ஆறு கிழமைக்குள் தந்தி வந்தது. அம்மா அதை என்னிடம் தரவில்லை. "மருமோன், நீங்கள் வாசியுங்கோ" என்று உங்களிடம் நீட்டினா. உங்கள் தோளுக்கு மேலால் எட்டி நானும் வாசித்துவிட்டேன். ஐயோ, ஒரு பொய் சொல்லுங்கோ, ஒரேயொரு பொய் என்று உங்கள் முகத்தைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினேன்.

"விமானம் திரும்பி வரேல்லை. ஆளைக் காணேல்லை எண்டு இருக்கு, மாமி."

"தேடி எடுப்பினம் எண்டு இருக்கோ?"

"இல்லை மாமி. அப்பிடி ஒண்டும் இல்லை."

"கல்நெஞ்சன்" என்றா அம்மா. அதற்குப் பிறகு உங்களோடு கதைக்கவேயில்லை. உங்கள் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. "உங்கட மகள்தான் சத்தியம் வாங்கினவ" என்று நீங்கள் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். உங்களுக்கு என்மேல் கோபமும் வரவில்லை, அதுதான் என்னை இன்றைக்கும் போட்டுத் தின்கிறது. நானாவது சொன்னேனா? நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் என்றே அம்மா கண்ணை மூடும்வரை மூன்று வருஷத்தைக் கடத்தினேன்.

அம்மாவுக்குக் கொள்ளி வைக்க மகன் இல்லாமல் நீங்கள்தான் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினீர்கள். "மாமியே முகம் பாக்காத மருமோன்" என்று வாசலில் நின்ற சனம் குசுகுசுத்தது. உங்களுக்கும் கேட்டது. நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.