எல்போ, டீ, வோசர்

2025 மார்ச் 3, திங்கள்

நான் சொல்ல என் மனுசி நேசமலர் எழுதுகிறா. எனக்கு எழுத்து வராது, அவாவுக்கு என் கதை முழுக்கப் பிடிக்காது. ஆனாலும் எழுதுகிறோம்.

இன்று இரண்டு தண்ணீர்ப் பம்பு திருத்தினேன். பிறகு வீரகத்தியரின் மகள் கௌசலாவை என் ஓட்டோவில் கிளினிக்குக் கொண்டுபோனேன். வயிற்றில் எட்டு மாதம். ரோட்டின் இடப்பக்கக் குழி இரண்டில் ஓட்டோவை விழுத்திவிட்டேன். புதுக்குழியாக்கும்.

(புதுக்குழி இல்லை. - நே.)

மார்ச் 9

அடுத்த மாதம் லைசென்ஸ் முடிகிறது. புதுப்பிக்கக் கண் பார்ப்பார்களாம். இந்த ஊரில் பஸ் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. இடையில் காய்ச்சல், வருத்தமென்றால் என் ஓட்டோதான். காசு வாங்குவதில்லை.

எழுபத்தேழு கலவரத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகள் எரிந்தபோது எனக்கு இருபது வயது. வந்த லொறியில் ஏறினேன். எங்கே போகிறது என்று ஏறின பிறகுதான் கேட்டேன். வடக்கே ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, காட்டோரத்து இந்த ஊரில் இறக்கினார்கள். முதல் கிழமையே காய்ச்சல். யாரோ ஒரு மனுசன் என்னைச் சைக்கிள் பாரில் இருத்தி ஆஸ்பத்திரிக்கு மிதித்தார். இறக்கிவிட்டுப் போய்விட்டார். பெயர் இன்றைக்கும் தெரியாது, முகம் தெரியும்.

சண்டைக்காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டி நேசமலரைப் பிரசவத்துக்குக் கொண்டுபோனேன். புகையில பிள்ளை இருமிக்கொண்டு பிறக்கப்போகுது என்று வழியெல்லாம் அவாவின் ஏச்சு.

மார்ச் 18

லைசென்சுக்குக் கண் பார்க்க வவுனியா போனேன். சுவரில் இங்கிலிஷ் எழுத்துப் பலகை. டொக்டர், சின்னப் பொம்பிளைப் பிள்ளை, வாசிக்கச் சொன்னா.

"எழுத்துத் தெரியாது பிள்ளை. சாமான் தெரியும்."

"அப்ப சாமானைச் சொல்லுங்கோ ஐயா."

வலக்கண்ணால் பார்த்தேன். பைப் எல்போ, டீ, வோசர், யூ போல்ட், மூன்று பல்லுக் குப்பை வாரி. (L, T, O, U, E. - நே.) கடைசி வரிவரை சொன்னேன். பிறகு வலக்கண்ணை மூடினா. வோசர். அடுத்தது? வோசர். அதற்கடுத்தது? அதுவும்.

"ஐயா, உங்கட கடையில மற்றச் சாமானெல்லாம் முடிஞ்சுதோ?"

நான் சிரிக்கவில்லை. இடக்கண்ணில் வெண்புரை. ஒப்பிரேசன் செய்து வரும்வரை லைசென்சுக்குக் கையெழுத்துக் கிடையாது.

வரிசையில் முன்னால் நின்றவன் சொன்ன எழுத்தெல்லாம் காதால் கேட்டே பாடமாக்கி வைத்திருந்தேன். அப்படியே ஒப்புவித்திருக்கலாம். ஏன் ஒப்புவிக்கவில்லை? குழியில் விழுந்த நேரம் கௌசலா வயிற்றைப் பிடித்தது கண்ணுக்குள் நின்றது.

மார்ச் 19

ஒரு பம்பும் திருத்தேல்லை.

மார்ச் 21

பைப் கடை மஸாஹிர் வந்தார். இங்கே பிறந்து, தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை வெளியேற்றினபோது புத்தளம் போய், நாலு வருசத்துக்கு முன் திரும்பியவர். என் கண் சரியாகும்வரை தான் ஓடுவதாகச் சொல்லி, ஓட்டோவை ஸ்டார்ட் பண்ணுகிற திறப்பைக் கேட்டார். எனக்கு அது பல்லைக் கழற்றிக் கொடுக்கிற மாதிரி.

"உமக்கு ஆக்களை ஏத்தி ஓடத் தெரியுமோ தம்பி?"

"புத்தளத்தில இருவது வருசம் மீன் ஏத்தினனான் அண்ணை. ஒரு மீனும் குறை சொல்லேல்லை."

நேசமலர் திறப்பை எடுத்துக் கொடுத்துவிட்டா. என்னைக் கேட்கவில்லை.

ஏப்ரல் 6

விடியக் கௌசலாவுக்குப் பிரசவ நோ. மஸாஹிர் கொண்டுபோனார். நான் வாசல் படலையில் நின்றேன். பொம்பிளைப் பிள்ளை, இரண்டு பேரும் சுகம். ஒரு குழியிலும் விழுத்தவில்லையாம்.

சந்தோசம்தான். எரிச்சலும்தான்.

மே 21

நேற்று ஒப்பிரேசன். இன்று கட்டு அவிழ்த்தார்கள். பஸ்ஸில் வரும்போது இடப்பக்கக் குழியெல்லாம் காட்டிக்கொண்டு வந்தேன். "எல்லாம் பழைய குழிதான், வாயை மூடுங்கோ" என்றா நேசமலர்.

ஜூலை 2

அதே டொக்டர் பிள்ளை. இடக்கண்ணிலும் வாரிக்குப் பல்லு முளைத்துவிட்டது. கையெழுத்துக் கிடைத்தது.

திறப்பை வாங்க மஸாஹிரிடம் போனேன். அவர் தரவில்லை. கையில் வைத்து உருட்டிக்கொண்டே நின்றார்.

"திங்கள் தொட்டு ஞாயிறு மட்டும் ஒரு கிழமை நீங்கள், அடுத்த கிழமை நான் ஓடுவம் அண்ணை."

ஏன் என்று கேட்டேன். நாலு வருசமாகச் சனம் பைப் வாங்க வந்ததாம், பைப்போடு போனதாம். ஓட்டோ ஓடின இந்த மூன்று மாதமாகத்தான் படலைக்குப் படலை பேர் சொல்லித் தேத்தண்ணிக்குக் கூப்பிடுகிறதாம். பிறந்த ஊரில்.

நான் லொறியில் வந்து இறங்கினவன். இதை எனக்கு விளங்கப்படுத்த வேண்டியதில்லை.

ஜூலை 14, திங்கள்

மஸாஹிரின் கிழமை. காலையில் ஓட்டோ எங்கள் வாசலைக் கடந்து போனது, பின்னால் யாரோ வருத்தக்காரர். ஹோர்ன் அடித்தார். கையைக் காட்டிவிட்டு இன்னொரு தேத்தண்ணி கேட்டேன்.