மாஷிமாவின் முழங்காலும் என் வாயும்

வியாழன், லட்சுமி பூஜைக்கு மறுநாள் இரவு.

கீழ்வீட்டு வங்காளிப் பெரியம்மா, அவர்கள் மொழியில் மாஷிமா, முழங்கால் ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காரணம் என் வாய்.

துர்கா பூஜைப் பந்தலில் உட்கார்ந்து என் மகள் காவ்யாவைப் பற்றிப் பீற்றிக்கொண்டேன். செல்கள் எக்ஸோசோம் என்ற நுண்குமிழிகளை வெளியே விடுகின்றன. அவற்றுக்குள் இருக்கும் மைக்ரோஆர்என்ஏ, தேய்ந்த குருத்தெலும்பை மறுபடி வளரத் தூண்டுகிறது. அதைத்தான் அவள் ஆராய்கிறாள் என்றேன். இதுவரை எலிகளுக்குத்தான் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். கதைக்கு அது இடைஞ்சலாக இருந்தது.

இன்று மாஷிமா கைப்பிடியைப் பற்றி மாடியேறி, ஒரு டப்பா 'நாடு' என்னும் தேங்காய் உருண்டையோடு வந்தார்.

"உன் பொண்ணுக்கு. அவ ஊசி வரட்டும், வெட்டு வேண்டாம்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்."

அவர் போனதும் காவ்யா என்னைப் பார்த்தாள். "மனுஷங்களுக்கு எப்ப வரும்னு எங்களுக்கே தெரியாதுப்பா. நீங்களே போய்ச் சொல்லுங்க."

போய்ச் சொன்னேன். மாஷிமா முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"எலிக்கு வலி போச்சா?"

"போயிருக்கும் போல, மாஷிமா."

"நல்லா இருக்கட்டும். டாக்டருக்குப் போன் போடு. நீதான் நல்லா பேசுவியே."

பேசினேன். மாஷிமாவின் ஆபரேஷன் தேதியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். அடுத்தது குளிர்காலம் கழிந்துதான். மாஷிமா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். என் தோளைப் பிடித்து, மெல்ல மெல்ல எழுந்தார்.

தோள் இன்னும் கனக்கிறது. தைலம் எங்கே வைத்தேனோ, தேடக்கூட மனமில்லை.