நாலு மூட்டை பிளீச்சிங் பவுடர்

மாப்ள,

இன்று காலை கே.கே. நகரில் எங்கள் தெருவின் இரண்டு ஓரமும் பிளீச்சிங் பவுடர் தூவிக்கொண்டு போனார்கள். யாரோ பெரிய மனிதர் வருகிறாராம். அந்த நெடி மூக்கில் ஏறியதும் பால் பாக்கெட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். ரிட்டையர் ஆன மனுசனுக்கு மூச்சு முட்டுகிறது என்று நினைத்து, எதிர்வீட்டுப் பெண் நாற்காலி கொண்டுவந்து போட்டாள். அவளிடம் என்னத்தைச் சொல்ல?

நம் ஊரின் சாக்கடை மொத்தமும் வைகைக்குப் போகும் முன் உன் கைக்குத்தான் வரும். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் நீ ஆபரேட்டர். நான் பேரூராட்சியில் சுகாதார மேற்பார்வையாளர். காற்று ஊதும் தொட்டியில் அழுக்கைத் தின்னும் கிருமிகளை நீ "நம்ம பிள்ளைக" என்பாய். கண்ணாடிக் குடுவையில் தண்ணீரை மொண்டுவைத்து அரை மணி நேரம் காத்திருப்பாய். மண்டி அடியில் தங்கி மேலே தெளிந்தால், "பிள்ளைக சாப்பிட்டுருச்சுக" என்று சிரிப்பாய்.

"சாக்கடைக்கு இம்புட்டுச் சீராட்டாடா?" என்று கேலி பண்ணுவேன்.

"கீழ இருக்கவனும் இந்த ஆத்தத்தான நம்பி இருக்கான், மாப்ள."

உன் மகளுக்குக் காது குத்த அழகர்கோவிலுக்குப் போக ஒரே ஒரு நாள் லீவு கேட்டாய். "நான் பாத்துக்கிறேன், போடா" என்று அனுப்பியவன் நான்தான். "மோட்டார் ஓடட்டும். வேற ஒண்ணையும் தொட்றாத" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாய்.

அன்றைக்குப் பார்த்து அதிகாரி வருகிறார் என்று போன் வந்தது. அதிகாரி வந்தால் பிளீச்சிங் பவுடர். நம் ஆபீஸில் வேறு எதைக் கற்றோம்? தெருவுக்குத் தூவுவது தொட்டிக்கு ஆகாதா என்று நினைத்தேன், மடையன். நாலு மூட்டையையும் நானே தொட்டியில் கவிழ்த்தேன். வந்தவர் மூக்கைப் பொத்தவில்லை. "சுத்தமா வச்சிருக்கீங்களே" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் நீ வந்து குடுவையை வைத்தாய். அரை மணி நேரம் ஆனது, ஒரு மணி நேரமும் ஆனது. ஒன்றுமே அடியில் தங்கவில்லை.

"பிள்ளைக செத்துப்போச்சுக. என்னத்த மாப்ள போட்டாக?"

"எனக்கென்னடா தெரியும்?" என்றேன். உன் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

கறுத்த தண்ணீர் ஆற்றில் இறங்கியது. கீழ்க்கண்மாய்க்காரர்கள் செத்த கெண்டைகளைக் கூடையில் அள்ளிவந்து ஆபீஸ் வாசலில் கொட்டினார்கள். பொறுப்பை விட்டுப் போனதாக உனக்கு மெமோ. நீ எழுதிய விளக்கத்தில் என் பேர் இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன், வெட்கங்கெட்டவன். ஒரு மாதம் சாணியைக் கரைத்து வாளி வாளியாக ஊற்றி, தொட்டிக்கு நீ திரும்ப உயிர் கொடுத்தாய். தண்ணீர் தெளிந்த வாரமே உன்னை வேறு ஊர் பம்பு ஹவுஸுக்குத் தூக்கிப் போட்டார்கள்.

அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உன் வீட்டுக்கு வந்தேன். ஊர்க்கதை பேசினேன், அரசியல் பேசினேன். இதை மட்டும் பேசவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று வருசங்கள் போயின. போன மாதம் நெஞ்சுவலி என்று உட்கார்ந்த நீ எழுந்திருக்கவே இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போனபின், உன் மனைவியிடம் போய் நின்றேன். "தங்கச்சி, அன்னைக்குத் தொட்டியில பவுடரக் கொட்டுனது நான்தாம்மா."

அந்தப் பிள்ளை அதிரவில்லை. "தெரியும்ணே. உங்க ஆபீஸ் வெத்துச் சாக்கப் பாத்து அன்னைக்கே கண்டுபிடிச்சுட்டாக."

"என்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியே."

"நானும் கேளுங்கன்னுதாண்ணே சொன்னேன். 'அவனா வந்து சொல்லுவான், நீ காட்டிக்காத'ன்னுட்டாக. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நீங்க கெளம்பிப் போனதும் வாசக் கதவ மூடிட்டு வந்து, 'இன்னைக்கும் சொல்லலை'ம்பாக. வேற ஒண்ணும் சொல்ல மாட்டாக."

உன்னைத் தூக்கிப் போட்ட ஊரையோ, செத்த மீன்களையோ நினைத்துக்கூட நான் தூங்கிவிடுவேன், மாப்ள. அந்த இரண்டு வார்த்தைகளோடுதான் படுக்க முடியவில்லை.