காது ஆறும் வரை

மார்ச் 4

நர்ஸம்மாவுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை, இருந்தாலும் கேட்டுவிட்டேன். போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையிலேயே சண்டைக்குப் போய்விடுகிறோம். அதனால்தான் இந்தக் காகிதம்.

நம் வாலு காதின் மேல்பக்கம் குத்திக்கொண்டு வந்திருக்கிறாள். கீழே குத்தியது போதாதாம். ஒரு வாரமாக முடியை இழுத்துவிட்டு மறைத்துத் திரிந்தவள், நேற்று சீப்பு பட்டு அலறினாள், குட்டு வெளிப்பட்டது. திட்ட வாயெடுத்தேன். "நீங்களும் விட்டுட்டுப் போறதுன்னா இப்பவே சொல்லிடுங்கப்பா" என்றாள். அப்புறம் நான் எங்கே திட்ட?

கம்மலைச் சுற்றிச் சிவந்திருக்கிறது. லிஃப்டில் எது கீச்சிட்டாலும் நான் எண்ணெய் விடுவேன். அந்தப் பழக்கத்தில் காதிலும் கொஞ்சம் தடவிவிட்டேன். தப்பா?

– லிஃப்ட்காரன்

மார்ச் 10

வாலுவின் அப்பாவுக்கு,

தப்புதான். எண்ணெய், பவுடர், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். கிரீஸ் கையோடு அவள் காதுப் பக்கமே போகாதீர்கள், சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தொடுங்கள். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு டம்ளருக்குக் கால் ஸ்பூன் உப்பு. சுத்தமான துணியை அதில் நனைத்துக் காலையும் மாலையும் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. கம்மலைத் திருகவே கூடாது. திருகினால் உள்ளே ஆறத் தொடங்கியது மறுபடி கிழியும். அந்தப் பக்கம் படுக்க வேண்டாம். தலையணை உறையை அடிக்கடி மாற்றுங்கள். நீங்கள் மாற்ற மாட்டீர்கள், அவளையே மாற்றச் சொல்லுங்கள்.

ஆரம்பத்தில் கொஞ்சம் சிவப்பும், வெளிறிய நீர் கசிந்து பொருக்காகக் காய்வதும் சகஜம். பொருக்கைப் பிய்க்க வேண்டாம். மேல்காது முழுக்க ஆறப் பல மாதம் ஆகும்.

அவளுக்கே எழுதியிருப்பேன். நான் கிளம்பிய அன்று வாசலில் நின்று, "எனக்கு எதுவும் எழுத வேணாம்" என்று சொன்னாளே. அதனால் உங்களுக்கு.

– அவள் அம்மா

ஏப்ரல் 2

நர்ஸம்மாவுக்கு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் சத்தமாகப் படித்தேன். வாலு தட்டை விட்டு நிமிரவே இல்லை. முடித்ததும், "திருகக் கூடாதுங்கற இடத்த இன்னொரு தடவ படிங்க" என்றாள். அவ்வளவு பொறுப்பு!

காது நன்றாகவே அடங்கியது. உனக்கு நன்றி எழுதலாம் என்று நினைத்திருந்தபோது மறுபடி வீங்கிவிட்டது. உப்புத் தண்ணீர், உறை, எல்லாம் நீ சொன்னபடிதான். எங்கே பிசகுகிறது என்று பிடிபடவில்லை.

குளியலறையில் நீ துண்டு மாட்டும் கொக்கி காலியாகவே இருக்கிறது. என் துண்டும் அவள் துண்டும் ஒரே கொக்கியில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கி, காயாமல் நாறுகின்றன. ஆனாலும் இரண்டு பேரும் உன் கொக்கியைத் தொடுவதில்லை. ஏனோ உன்னிடம் சொல்லத் தோன்றியது.

– லிஃப்ட்காரன்

ஏப்ரல் 9

வாலுவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆஸ்பத்திரி டிரெஸிங் ரூமில் நின்றபடியே படித்தேன். துண்டுக் கதைக்குச் சிரித்தேன். அப்புறம் போய் முகம் கழுவிக்கொண்டு வர வேண்டியதாயிற்று.

அடங்கியது திரும்ப வீங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. புறங்கையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சூடு அடிக்கிறதா? சிவப்பு பரவுகிறதா? விண்விண்ணென்று தெறிக்கிறதா? மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டியாகச் சீழ் வந்தாலும், காய்ச்சல் அடித்தாலும், எனக்கு எழுதிக்கொண்டு உட்காராமல் அன்றே டாக்டரிடம் போங்கள். கம்மலை நீங்களாகக் கழற்ற வேண்டாம், துளை மூடிக்கொண்டு சீழ் உள்ளே தங்கிவிடும். மேல்காது குருத்தெலும்பு. அதில் சீழ் பிடித்தால் காதின் உருவமே கெட்டுவிடும்.

என் அறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். மற்றபடி சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். உங்கள் முதுகுவலி தேவலையா?

– அவள் அம்மா

ஏப்ரல் 24

நர்ஸம்மாவுக்கு,

பயப்படாமல் படி. இப்போது நன்றாக இருக்கிறாள்.

போன வாரம் காய்ச்சலோடு எழுந்தாள். காது நெருப்பாய்க் கொதித்தது, பச்சையாகச் சீழ். நீ சொன்னது நினைவிருந்ததால் அப்போதே ஓடினேன். டாக்டர் கீறிச் சீழை எடுத்து, கம்மலையும் கழற்றிவிட்டார். மாத்திரையில் காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆனால் காதின் மேல் விளிம்பு கொஞ்சம் சுருங்கித்தான் போகுமாம்.

"கம்மலத் திருகிக்கிட்டே இருந்தியாம்மா?" என்று டாக்டர் கேட்டார். பஸ்ஸில் வரும்போது அவளாகவே சொன்னாள்: "ஆறிட்டா அம்மா எழுத மாட்டாங்கப்பா. அவங்க கடிதம் வந்தா நீங்க ரெண்டு நாள் சிரிச்சிக்கிட்டே இருக்கீங்க. கொஞ்சமா வலிச்சாப் போதும்னு நெனச்சேன். இப்படி ஆகும்னு தெரியாது."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நாங்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் போனதுகூடத் தெரியவில்லை.

வந்துவிடு. பிள்ளைக்காக என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். எனக்காகவும்தான் கேட்கிறேன்.

– லிஃப்ட்காரன்

மே 3

வாலுவின் அப்பாவுக்கு,

தினமும் புண்ணைப் பார்க்கிறவள் நான். ஆறி வருவதை யாரோ கிளறுகிறார்கள் என்று உங்கள் இரண்டாவது கடிதத்திலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த கடிதம் வராதா என்று காத்திருந்தவளுக்கு அது கண்ணில் படவில்லை. என் பிள்ளையின் காது போய்விட்டது.

வந்துவிடு என்கிறீர்கள். அதைப் படித்ததும் பெட்டியைக்கூட இறக்கிவிட்டேன். பிறகு திரும்ப மேலே வைத்துவிட்டேன். காகிதத்தில் நாம் நல்லவர்களாகத்தான் இருக்கிறோம். ஒரே வீட்டில் இருந்தபோது, நாம் கத்துகிற கத்தலில் அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருப்பாள். அதை நான் மறக்கவில்லை, நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். நான் வரவில்லை.

இந்த உறையில் அவளுக்கும் ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். எழுத வேணாம் என்ற அவள் பேச்சை மீறிவிட்டேன். இனி அவளுக்குத்தான் எழுதுவேன். காதில் ஒன்றும் இல்லாவிட்டாலும் எழுதுவேன் என்று சொல்லுங்கள். உங்களுக்கு இதுதான் கடைசி. நாம் இப்படி எழுதிக்கொண்டே இருந்தால், அவள் நம்பிக் காத்துக்கொண்டே இருப்பாள்.

காய்ச்சல் விட்டுவிட்டது என்று மாத்திரையை நடுவில் நிறுத்த வேண்டாம். குளித்ததும் காதை ஈரமில்லாமல் ஒற்றிக்கொள்ளட்டும், உலர்ந்த துண்டால். அந்தக் காலிக் கொக்கியில் அவள் துண்டை மாட்டச் சொல்லுங்கள்.

– நர்ஸம்மா